உயர்நிலை 1-க்குப் போகும் பிள்ளையும் ஊர் மாறும் யோசனையும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியில், சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 பிள்ளைகள் எழுதும் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வரும் வாரத்தில் என் தொலைபேசி ஓயாது. கோயிலில் பார்த்தவர்கள், பழைய புளோக் அண்டை வீட்டார், மகளுடைய தமிழ் வகுப்புத் தோழியின் அம்மா என்று பலரும் அழைப்பார்கள். சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இங்கேயே கிடைக்கிற உயர்நிலைப்பள்ளியில் போடுவதா, இல்லை குடும்பத்தோடு கிளம்பிவிடுவதா?

நான் ஆசிரியை இல்லை, கல்வி அமைச்சில் வேலை பார்ப்பவளும் இல்லை. ஈசூனில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் அம்மா. மகன் தொடக்கநிலை 6 படித்த ஆண்டில், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாருவில் வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் வரை நாங்கள் போய்விட்டோம். என் நாத்தனார் குடும்பம் உண்மையாகவே அங்கே குடிபோனது. என் அக்கா குடும்பம் கோயம்புத்தூருக்குத் திரும்பியது. மூன்று வீட்டிலும் பார்த்ததையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. நினைத்த எண் வரவில்லை. உடனே வேறு ஊர் பார்க்கலாமா?

அந்த வாரம் மட்டும் வேண்டாம். முடிவு வந்த சூட்டில் வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. ஆறு பள்ளிகளைத் தேர்ந்து வரிசைப்படுத்திக் கொடுக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான் கிடைக்கும். அந்த ஒரு வாரத்தை அதற்கு மட்டும் செலவிடுங்கள்.

எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்வதும் முக்கியம். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் (அடைவுநிலை) 1 முதல் ஏஎல் 8 வரை தரம். 90-உம் அதற்கு மேலும் ஏஎல் 1. 65 முதல் 74 வரை ஏஎல் 5. 45 முதல் 64 வரை ஏஎல் 6. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை வரும். குறைவாக இருந்தால் நல்லது. பழைய டி-ஸ்கோர் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு. இப்போதைய எண் உங்கள் பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் காட்டுகிறது. நாம் பழைய கணக்கில் வளர்ந்ததால், 21 என்று பார்த்ததும் நெஞ்சு பதறுகிறது.

உயர்நிலை 1-இல் பெரும்பாலான பாடங்களை எந்த நிலையில் தொடங்குவது என்பதைச் சொல்வது சேர்க்கைப் பிரிவு. 20-உம் அதற்குக் கீழும் வாங்கினால் மூன்றாம் சேர்க்கைப் பிரிவு. 21, 22 வாங்கிய பிள்ளை இரண்டாம் பிரிவையோ மூன்றாம் பிரிவையோ தேர்ந்தெடுக்கலாம். 23, 24 இரண்டாம் பிரிவு. 25 வாங்கினால் ஒன்றா இரண்டா என்று தேர்ந்தெடுக்கலாம். 26 முதல் 30 வரை முதல் பிரிவு. அதற்கு ஆங்கிலத்திலும் கணக்கிலும் குறைந்தது ஏஎல் 7 வேண்டும்.

இரண்டாம் பிரிவு, முதல் பிரிவு என்றால் பழைய ‘நார்மல்’ தானே அக்கா? பேரை மட்டும் மாற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் இருக்கும் வலி எனக்குத் தெரியும். என் தம்பி, அன்று குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களைத் தனியாகப் பிரித்து வைத்த ‘நார்மல் டெக்னிக்கல்’ வகுப்பில் படித்தவன். நான்கு ஆண்டும் அவன் வகுப்பு தனி மாடியில் இருந்தது. தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள் “எந்த ஸ்ட்ரீம்?” என்று கேட்பார்கள் என்பதற்காகவே கூடத்துக்கு வராமல் அறையில் உட்கார்ந்திருப்பான். கணக்கில் அவன் கெட்டிக்காரன். ஆனால் அந்த ஒரு பாடத்தை மட்டும் இன்னும் உயர்ந்த நிலையில் படிக்க அவனுக்கு வழியில்லாமல் போனது.

மாறியது அதுதான். 2024-இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் இல்லை. முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாட்டில் ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலைகளில் படிக்கலாம், ஜி3-தான் உயர்ந்தது. இரண்டாம் பிரிவில் சேர்ந்த பிள்ளை ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி ஆகியவற்றில் ஒன்றில் ஏஎல் 5-ஓ அதைவிட நன்றாகவோ வாங்கியிருந்தால், அந்தப் பாடத்தை ஜி3-இல் தொடங்கலாம். போகப்போக நன்றாகப் படித்தால் மற்றப் பாடங்களிலும் நிலை உயரலாம். வகுப்பறையில் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, குடியியல், வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவுக் கல்வி ஆகிய ஆறையும் சேர்ந்தே படிக்கிறார்கள். 2027-இல் இவர்கள் எழுதப்போவது ‘ஓ’ நிலையும் ‘என்’ நிலையும் அல்ல, எல்லாருக்கும் பொதுவான ஒரே சான்றிதழ்த் தேர்வு.

எல்லாக் கவலையும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்கு மணியடித்ததும் யார் எந்த அறைக்குப் போகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் என் தம்பிக்கு இல்லாத வழி இவர்களுக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல், பிரிவின் எண்ணைப் பார்த்துவிட்டு ஊரைக் காலி செய்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

நல்ல உயர்நிலைப்பள்ளிக்குப் பக்கத்தில் வீடு மாறினால் இடம் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் கணக்கெல்லாம் தொடக்கநிலை 1 பதிவுக்கு. அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேதான். உயர்நிலை 1-க்கு முதலில் பார்ப்பது மதிப்பெண். கடைசி இடத்துக்கு ஒரே மதிப்பெண்ணோடு இருவர் நின்றால் முதலில் குடியுரிமை, அடுத்து பள்ளியை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது, பிறகும் சமமானால் கணினிக் குலுக்கல். வீட்டு முகவரிக்கு அதில் வேலையே இல்லை. அதனால் எழுதும் வரிசையில் கவனம் வையுங்கள். பிள்ளையின் தொடக்கப்பள்ளியோடு இணைப்புள்ள உயர்நிலைப்பள்ளி தரும் முன்னுரிமை வேண்டுமென்றால் அந்தப் பள்ளியை முதல் இடத்தில் எழுதவேண்டும்.

இடம் கிடைத்த பிறகு பயணம் குறைய வீடு மாறுவது வேறு விஷயம், அதில் பொருள் இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாக இருந்தால் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், பெரும்பாலான வீடுகளுக்கு 5 ஆண்டு, முடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்?

வாசலிலிருந்து வாசலுக்கு முக்கால் மணிநேரம். அதற்குமேல் போனால் இணைப்பாட நடவடிக்கை இருக்கும் நாளில் பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு வரும். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். திங்கள் காலை ஆறு மணிக்குப் பிள்ளையோடு பஸ் ஏறிப் பாருங்கள்.

ஜோகூர் பாருவில் குடியிருந்துகொண்டு இங்கே பள்ளிக்கு அனுப்பலாமா? வாடகை மிச்சமாகுமே.

எங்கள் கணக்கும் இதுவே. இங்கே மூவறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் அங்கே தோட்டம் வைத்த வீடு கிடைக்கும். சாப்பாட்டுச் செலவும் குறைவு. என் நாத்தனார் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் போனார்.

அவருடைய மகளின் நாள் இப்படி இருந்தது. நாலே காலுக்கு எழுந்திருப்பாள். ஐந்து மணிக்கு முன்பே வேன். பாலத்தில் வரிசை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் வேனில் தூங்கிவிடுவாள். பள்ளி வாசலில் ஓட்டுநர் அண்ணன் எழுப்பிவிடுவார். மாலையில் அதே பாதை, வெள்ளிக்கிழமையானால் இன்னும் நீளும். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் கொஞ்சம்தான். அதைக் கடக்க ஆகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பூப்பந்துக் குழுவில் இருந்தவள், இரண்டாம் தவணையில் அதை விட்டாள். தோழிகள் பள்ளிக்குப் பிறகு எங்கேயாவது போனால் இவளால் சேர முடியாது. இரண்டு ஆண்டு கழித்துக் குடும்பம் உட்லண்ட்ஸிலேயே ஒரு வாடகை வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மிச்சம் பிடித்த பணத்தில் பாதி வேனுக்கும், திரும்பி வந்த செலவுக்கும் போனது என்று நாத்தனார் சொல்வார்.

இப்போது சில வசதிகள் கூடியிருக்கின்றன. 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் காரில் வருபவர்கள் கடப்பிதழுக்குப் பதிலாக கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் திட்டமிட்டிருக்கிறார்கள். ரயிலில் ஐந்து நிமிடப் பயணம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். நிலையத்துக்குப் பக்கத்தில் வீடும், உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் பள்ளியும் அமைந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். பாசிர் ரிஸில் பள்ளி என்றால் பயணத்தில் பாதி அப்படியேதான் இருக்கும்.

அங்கேயே தமிழ்ப்பள்ளியில் போடலாமே என்று சிலர் ஆசையாகக் கேட்பார்கள். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. இடைநிலைப்பள்ளி மலாய் வழி. அரசுப் பள்ளிகள் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கானவை. வெளிநாட்டுப் பிள்ளை சேர அனுமதி வாங்கவேண்டும், மலாயும் நன்றாக வேண்டும். மிஞ்சுவது அனைத்துலகப் பள்ளி. அந்தக் கட்டணத்தைப் போட்டால் வாடகையில் மிச்சம் பிடித்தது காணாமல் போகும். இங்கே அரசு உயர்நிலைப்பள்ளியில் குடிமக்களின் பிள்ளைக்கு எல்லாம் சேர்த்து மாதம் 25 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் போகாது.

பையனுக்குப் பதின்மூன்று ஆகப்போகிறது. வெளியூர் போனால் தேசிய சேவை விஷயத்தில் சிக்கல் வருமா?

தேசிய சேவை என்பது இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான இராணுவ, சீருடைப் பணி. ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் பள்ளியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். உயர்நிலை 1 வயதும் இந்த விதி தொடங்கும் வயதும் ஒன்றாக வருகின்றன. 13 வயது முதல் 16½ வரை உள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் 3 மாதமோ அதற்கு மேலோ தங்கினால் வெளியேறும் அனுமதி வாங்கவேண்டும். 2 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் பிணைத்தொகையும் கேட்பார்கள். வங்கி உத்தரவாதமாகக் கொடுப்பதென்றால் 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டுச் சம்பளத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய், மகனும் கூடப் போகும் குடும்பங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. தேசிய சேவைக்கான மத்திய ஆள்சேர்ப்புத் தளத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நிரந்தரவாசியான மகன் சேவை செய்யாமல் அந்தத் தகுதியை விட்டுவிட்டால், பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும். பன்னிரண்டு வயதுப் பையனுக்காக நாம் எடுக்கும் முடிவை இருபத்தைந்து வயதில் அவன் சுமப்பான்.

தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறோம்.

திரும்பிப் போவதற்குச் சொந்தக் காரணம் இருந்தால் தாராளமாகப் போங்கள். என் அக்கா போனது மாமியாரைப் பார்த்துக்கொள்ள. அத்தானுக்கும் அங்கே தொழில் அமைந்தது. பள்ளி அதற்குப் பிறகுதான். அதனாலேயே அந்த மாற்றம் நிலைத்தது.

இரண்டு விஷயம் அவர்களைத் திணற வைத்தது. ஒன்று, கல்வியாண்டு. இங்கே ஜனவரியில் தொடக்கம், அங்கே ஜூனில். நவம்பரில் தொடக்கநிலை 6 முடித்த பிள்ளை நடு ஆண்டில் ஏழாம் வகுப்பில் நுழையவேண்டும், அல்லது ஆறு மாதம் வீட்டில் இருக்கவேண்டும். இன்னொன்று, தமிழ். இங்கே தமிழில் ஏஎல் 2 வாங்கிய அக்கா மகன், அங்கே செய்யுளும் இலக்கணமும் பார்த்து ஒரு மாதம் மிரண்டு போனான். பேச்சிலும் எழுத்திலும் அவன் குறைந்தவன் இல்லை. மனப்பாடம் செய்து அடி மாறாமல் எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஓராண்டில் சமாளித்துவிட்டான். இன்று எனக்கு அவன் அனுப்பும் செய்திகளின் தமிழைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

மருத்துவம் படிக்கவைக்கும் கனவில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: சிங்கப்பூர்க் குடியுரிமையோடு, 2021 மார்ச் 4-க்குப் பிறகு ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கிய பிள்ளை, அந்த நாளில் வந்த அறிவிப்பின்படி நீட் போன்ற தேர்வுகள் வழியாக வெளிநாடுவாழ் இந்தியர் இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். அந்த இடங்களின் கட்டணம் அதிகம்.

இங்கேயே இருந்தால் பிள்ளையின் தமிழ் என்னாகும்?

என்னிடம் மிகக் குறைவாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்வி. நான் முதலில் பேச விரும்புவதும் இதைத்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், எல்லா இனத்தவரையும் சேர்த்து, 2.5 விழுக்காடு. பல பிள்ளைகளுக்குப் பள்ளியின் தமிழ் வகுப்புதான் நாளில் தமிழ் கேட்கும் ஒரே இடம்.

தொடக்கப்பள்ளி வரைக்கும் தமிழாசிரியர் அதே கட்டடத்தில் இருந்தார். உயர்நிலையில் எல்லாப் பள்ளியிலும் அப்படி இல்லை. மாணவர் குறைவாக இருக்கும் பள்ளியில் தமிழ் நடக்காது. பிள்ளை பள்ளி முடிந்தபின் வேறு நிலையத்துக்குப் போகவேண்டும். ஃபேரர் பார்க் பக்கம் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்படிப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, பின்னர் தமிழ்வழி உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்ந்து 1982-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே நிலையம் அந்தப் பெயரோடு தொடங்கியது.

என் மகள் அங்கே படித்தவள். வாரத்தில் இரண்டு பிற்பகல், சீருடையோடு எம்ஆர்டி ஏறிப் போவாள். முதல் ஆறு மாதம் அலுத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய நெருங்கிய தோழிகள் எல்லாரும் அங்கே கிடைத்தவர்கள்தான். அவள் பள்ளியில் வகுப்புக்கு ஓர் இந்தியப் பிள்ளை. அங்கே ஒரு அறை முழுக்கத் தமிழ் பேசும் பிள்ளைகள், பல பள்ளிகளிலிருந்து. இருந்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் அது ஒத்துவராது. தூரத்தில் பள்ளி, அங்கிருந்து இன்னொரு தூரத்தில் தமிழ் என்றால், களைத்த பிள்ளை முதலில் வெறுப்பது தமிழைத்தான்.

அதனால் பெற்றோர் பள்ளியைப் பார்க்க வரும் ஓப்பன் ஹவுஸ் நாளில் போகும்போது ரோபாட்டிக்ஸ் அறையைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். “தமிழ் இந்தப் பள்ளியிலேயே நடக்கிறதா? உயர்தமிழும் உண்டா? எத்தனை பிள்ளைகள்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தமிழாசிரியரையே அழைத்து வந்தால், அந்தப் பள்ளியை உங்கள் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றுங்கள்.

டிஎஸ்ஏ வழியாக முயலலாமா?

டிஎஸ்ஏ என்பது திறமையைப் பார்த்து உயர்நிலைப்பள்ளி தரும் நேரடிச் சேர்க்கை. விளையாட்டிலோ கலையிலோ மொழியிலோ பிள்ளைக்கு உண்மையான ஈடுபாடு இருந்தால் முயலுங்கள். விண்ணப்பம் தேர்வுக்கு முன்பே, மே மாதவாக்கில் திறக்கும்; மூன்று தெரிவுகள் வரை கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இடத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு மதிப்பெண் எவ்வளவு நன்றாக வந்தாலும் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஊர் மாறும் யோசனை பாதி மனதில் இருக்கும்போது இதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆஸ்திரேலியா?

பெர்த் நமக்கு ஒரே நேர மண்டலம், ஐந்து மணிநேர விமானப் பயணம். மெல்பர்னில் பள்ளி இறுதித் தேர்வுக்கே தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். கல்வியாண்டும் நம்முடையதைப் போல ஆண்டுத் தொடக்கத்தில்தான். ஆனால் அங்கே போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது விசாவும் வேலையும். அவை உறுதியாகும் முன் பள்ளி தேடுவது வீண் அலைச்சல்.

போய்விட்டுச் சரிவரவில்லை என்றால் திரும்ப முடியுமா?

முடியும். திரும்பும் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு ஸ்பெர்ஸ் என்ற தனிச் சேர்க்கை முறை இருக்கிறது. ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு வைத்து, காலியிடம் உள்ள பள்ளியில் இடம் தருவார்கள். ஓரிரு ஆண்டுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால், பெயரை வெட்டிக்கொண்டு போகாமல், கட்டணம் கட்டி விடுப்பில் போக முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். நிரந்தரவாசிகள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட அனுமதி இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். திரும்பி வர ஒரு வீடு இருப்பது பெரிய தெம்பு.

கணவர் போகலாம் என்கிறார், எனக்கு மனமில்லை. பிள்ளையிடம் கேட்கலாமா?

பிள்ளையை நடுவராக வைக்காதீர்கள். ஆனால் தெரியாமல் வைப்பதும் தவறு. நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். ஜோகூர் வீட்டைப் பற்றி இரவு நேரங்களில் மெதுவாகப் பேசிக்கொண்டோம், பையன் தூங்கிவிட்டான் என்று நினைத்து. முடிவு வந்த மறுநாள் காலை, பால் குடித்துக்கொண்டே கேட்டான்: “அம்மா, என் மார்க்கினாலதான் நம்ம வீடு மாத்துறோமா?”

இல்லை என்று உடனே சொன்னேன். சொல்லும்போதே பாதிப் பொய் என்று தெரிந்தது. அன்றிரவு நானும் அவரும் ஒரு தாளில், மதிப்பெண்ணைத் தொடாமல், போவதற்கான காரணங்களை எழுதிப் பார்த்தோம். வாடகை என்ற ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கு ஈசூனிலேயே சின்ன வீடாகப் பார்த்தால் போதும் என்று முடிவானது. முன்பணம் திரும்பவில்லை. அக்கா அதே தாளை எழுதியிருந்தால் மாமியார், தொழில், சொந்த ஊர் என்று நாலைந்து வந்திருக்கும். அவர் போனது சரிதான்.

கிடைத்த பள்ளி பிடிக்கவில்லை. மேல்முறையீடு செய்யலாமா?

விரும்பும் பள்ளியில் அந்த ஆண்டு கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணை உங்கள் பிள்ளை எட்டியிருந்தால்தான் பரிசீலிப்பார்கள். இடமும் காலியாக இருக்கவேண்டும். எட்டியிருந்தால் அந்தப் பள்ளியிடமே நேரடியாகக் கேளுங்கள். எட்டவில்லையென்றால் கடிதம் எழுதும் நேரத்தில் சீருடை வாங்கப் போங்கள். டிசம்பர் கடைசியில் கடையில் அளவு கிடைக்காது.